உடைந்த அணுவுக்கு இரண்டு சாட்சி

பாறசாலை, பனச்சமூடு, நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் தோரியம் என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. தெற்கே மணவாளக்குறிச்சி, வடக்கே கொல்லத்தை அடுத்த சவறை என இரண்டு பக்கமும் கடற்கரை மணலில் மோனசைட் கிடக்கிறது. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர், திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைச் சோதித்து இந்தக் கனிமத்தைக் கண்டுகொண்டார். அன்று இங்கே எல்லைக்கோடு கிடையாது. 1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்த பிறகுதான் அது வந்தது. கோடு வந்தாலும் மணலைப் பற்றிய பேச்சு இரண்டு பக்கமும் ஒன்றுதான்: எத்தனை லட்சம் டன் இருக்கிறது, எத்தனை கோடி பெறும், எத்தனை தலைமுறைக்கு மின்சாரம் வரும். இந்தப் பேச்சில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. தோரியத்தை எரிபொருளாக்கி அதன் அணுவை உடைத்தால், உடைந்து விழும் துண்டுகள் எவை? அவை இன்னவைதான் என்று எப்படிச் சொல்வது? அணு உலை தரும் வெப்பமும், அது விட்டுச்செல்லும் கழிவும், உலையைக் கட்டுக்குள் வைத்திருக்கும் வழியும் அந்தத் துண்டுகளைப் பொறுத்தவை. ஆகவே அவற்றை அடையாளம் காணும் கலை ஆய்வகத்துக்குள் அடங்கிய பொழுதுபோக்கு அல்ல. தோரியத்தைப் பற்றிய எந்தக் கணக்குக்கும் அதுதான் அடிப்படை.

முதலில் ஒரு விளக்கம். மணலில் இருக்கும் தோரியம்-232, மெதுவாக வரும் நியூட்ரானால் உடையாது. அது நியூட்ரானை விழுங்கி தோரியம்-233 ஆகிறது. அது புரோட்டாக்டினியம்-233 ஆகிறது. அது பாதியாகக் குறைய 27 நாள் ஆகிறது. அதிலிருந்து யுரேனியம்-233 பிறக்கிறது. உடைவது இந்த யுரேனியம்தான். கல்பாக்கத்தில் 1996-இல் இயங்கத் தொடங்கிய காமினி என்ற 30 கிலோவாட் சிற்றுலை இந்த யுரேனியம்-233-ஐ எரிபொருளாகக் கொண்டது. யுரேனியம்-233 ஒரு நியூட்ரானை ஏற்றதும் 92 புரோட்டான்களும் 234 என்ற நிறை எண்ணும் கொண்ட கருவாகிறது. அது நீண்டு, இடுப்பு மெலிந்து, இரண்டாக அறுகிறது. இரண்டும் சமமாக இருப்பது மிக அரிது. ஒன்று பெரிது, மற்றது சிறிது. ஒவ்வொரு உடைப்பும் வேறு வேறு ஜோடியைத் தருவதால், கோடிக்கணக்கான உடைப்புகளின் முடிவில் நூற்றுக்கணக்கான வகைத் துண்டுகள் கலந்து கிடக்கின்றன.

ஒரு துண்டை அடையாளம் சொல்ல இரண்டு எண்கள் தேவை. ஒன்று மின்சுமை, அதாவது புரோட்டான்களின் எண்ணிக்கை. தனிமம் எது என்பதை இது சொல்லும். மற்றது நிறை எண், அதாவது புரோட்டான்களும் நியூட்ரான்களும் சேர்ந்த தொகை. நம் பக்கத்தில் மணி என்று விசாரித்தால் நாலு மணி வருவார்கள். வீட்டுப்பெயரையும் சேர்த்துச் சொன்னால்தான் ஆள் யாரென்று தெரியும். துண்டுகளின் கதையும் அதுதான், ஆனால் இங்கே ஆள் மாறினால் விளைவு பெரிது. செனான்-135, செனான்-136 இரண்டுக்கும் மின்சுமை 54. நியூட்ரானைப் பிடித்து விழுங்குவதில் முன்னது பின்னதைப் போல் பத்து லட்சம் மடங்குக்கும் மேல். ஒரே ஒரு நியூட்ரான் வித்தியாசத்தில் ஒன்று உலையை அணைக்கும் நஞ்சு, மற்றது சாது. இனி நிறை எண்ணை 135-இல் நிறுத்தி மின்சுமையை மாற்றிப் பார்க்கலாம். அயோடின்-135 ஆறரை மணி நேரத்தில் பாதியாகும். செனான்-135 சுமார் ஒன்பது மணி நேரத்தில் பாதியாகும். சீசியம்-135 பாதியாகப் பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் மேல் பிடிக்கும். 1944 செப்டம்பரில் அமெரிக்காவின் ஹான்ஃபோர்டில் புதிய உலை ஒன்று சில மணி நேரம் ஓடிவிட்டுத் தானாகவே சோர்ந்து படுத்தது. அயோடினிலிருந்து பிறந்த செனான்-135 நியூட்ரான்களைத் தின்றுகொண்டிருந்ததுதான் காரணம்.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது இதைத்தான்: ஓர் எண்ணை அளந்து மற்றதை ஊகித்துக்கொள்ள முடியாது. மின்சுமைக்கு ஒரு சாட்சி, நிறைக்கு ஒரு சாட்சி எனத் தனித்தனியாக வேண்டும்; இரண்டும் ஒத்துப்போனால்தான் அடையாளம் உறுதி. அணுப்பிளவின் கண்டுபிடிப்பே இதற்கு முதல் ஆதாரம். 1938 டிசம்பரில் பெர்லினில் ஓட்டோ ஹானும் ஃபிரிட்ஸ் ஸ்ட்ராஸ்மனும், நியூட்ரான் பட்ட யுரேனியத்தில் ரேடியம் உண்டாகிறது என்று எண்ணி அதைப் பிரிக்க முயன்றார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவே உள்ள கதிரியக்கப் பொருளைச் சுமந்துவர பேரியம் உப்பைச் சேர்த்து, கரைத்து, படிகமாக்கி, மீண்டும் கரைத்து, படிகமாக்கிப் பார்த்தார்கள். ரேடியமாக இருந்தால் அது முதல் படிகங்களில் கூடுதலாகச் சேர வேண்டும். சேரவில்லை, எல்லாப் படிகத்திலும் சமமாகவே பரவியிருந்தது. முறையில்தான் பிழையோ என்ற சந்தேகத்தைத் தீர்க்க, உண்மையான ரேடியத்தை, மீசோதோரியம் என்று அன்று அழைக்கப்பட்ட ரேடியம்-228-ஐ, கலந்து அதே வேலையைச் செய்தார்கள். அது ஒழுங்காகப் பிரிந்துவந்தது. தோரியத்தின் வாரிசான இந்த ரேடியம் நம் மோனசைட் மணலிலும் இருக்கிறது. ஆகவே தங்கள் கையில் இருப்பது ரேடியம் அல்ல, பேரியமேதான் என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். மின்சுமை 56 என்பது வேதியியலின் தீர்ப்பு. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

கூட்டாளித் துண்டு எது என்பதில்தான் அவர்கள் சறுக்கினார்கள். 1939 ஜனவரியில் வெளியான கட்டுரையில் அவர்கள் நிறை எண்களைக் கூட்டிப் பார்த்தார்கள். பேரியம் 138, மசூரியம் (இன்றைய டெக்னீசியம்) 101. இரண்டும் சேர்ந்தால் 239, யுரேனியம்-238-உம் ஒரு நியூட்ரானும் சேர்ந்த தொகை. கணக்கு அழகாக நேரானது, விடைதான் தவறு. மின்சுமைகளைக் கூட்டினால் 56-உம் 43-உம் சேர்ந்து 99 வருகிறது. யுரேனியத்தில் இருப்பதோ 92. லிசே மைட்னரும் ஓட்டோ ஃபிரிஷும் கூட்ட வேண்டியது மின்சுமையை என்று கண்டார்கள். 92-இல் 56 போனால் 36, அது கிரிப்டான். உலகின் மிகத் தேர்ந்த கதிரியக்க வேதியியலர்கள்கூட, ஓர் எண்ணை அளந்துவிட்டு மற்றதை ஊகித்தபோது வழி தவறினார்கள் என்பதை மறக்கக் கூடாது.

அப்படியானால் நிறையை அளப்பது எப்படி? இரண்டு துண்டுகளும் நேர் எதிர்த் திசைகளில் பாய்கின்றன. லேசான துண்டின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர், கனத்ததன் வேகம் 10,000 கிலோமீட்டர். துண்டு புறப்படும் இடத்தருகே மிக மெல்லிய கார்பன் படலத்தை வைத்தால், அதைத் துளைத்துச் செல்லும்போது சில எலக்ட்ரான்கள் தெறிக்கும். கடிகாரம் ஓடத் தொடங்கும். ஒரு மீட்டர் தள்ளி இருக்கும் சிலிக்கான் உணரியில் துண்டு மோதியதும் கடிகாரம் நிற்கும், ஆற்றலும் பதிவாகும். லேசான துண்டுக்கு அந்த ஒரு மீட்டர் சுமார் 70 நானோ நொடி. நூறு கோடியில் ஒரு பங்கு நொடிதான் ஒரு நானோ நொடி. ஆற்றலும் வேகமும் தெரிந்தால் நிறை தெரிந்துவிடும். பள்ளிப் பாடத்தில் வரும் அதே சூத்திரம். இரண்டு துண்டுகளின் வேகங்களை மட்டும் ஒப்பிட்டாலும், உந்தம் மாறாது என்ற விதியால் நியூட்ரான்கள் உதிர்வதற்கு முந்தைய நிறை கிடைக்கும். ஆற்றலையும் சேர்த்தால் உதிர்ந்ததற்குப் பிந்தைய நிறை கிடைக்கும். இரண்டின் வித்தியாசம் ஒவ்வொரு துண்டும் எத்தனை நியூட்ரானை உதிர்த்தது என்பதைச் சொல்கிறது. ஆனால் கனத்த அயனி சிலிக்கானில் மோதும்போது ஆற்றலின் ஒரு பகுதி மின்துடிப்பாக மாறாமல் வீணாகிறது. அதற்குத் திருத்தம் போடாவிட்டால் நிறை உண்மையைவிடக் குறைவாகப் படிக்கப்படும். வேகங்களை அளக்காமல் இரண்டு ஆற்றல்களை மட்டும் நம்பிய பழைய முறையில் நான்கைந்து நிறை எண்கள் ஒன்றோடொன்று குழம்பிக் கிடந்தன.

நிறை இவ்வளவு பாடுபடுத்தினால், மின்சுமை இன்னும் கடினம். வாயு நிரம்பிய பெட்டிக்குள் துண்டை ஓடவிட்டு, வழியில் எவ்வளவு ஆற்றலை இழக்கிறது என்று பார்ப்பது ஒரு முறை. மின்சுமை கூடினால் இழப்பும் கூடும். லேசான துண்டுகளில் இது சரியாகவே வேலை செய்கிறது. கனத்த துண்டுகளோ மெதுவாகப் போவதால் நிறைய எலக்ட்ரான்களைச் சுமந்துகொண்டே போகின்றன. கருவின் உண்மையான சுமையை அந்தப் போர்வை மறைத்துவிடுகிறது. இதற்கு மாற்று வழியில் இந்தியர் ஒருவரின் பங்கு பெரியது. ட்ராம்பேயின் எஸ். எஸ். கபூர், 1965-இல் பெர்க்லி ஆய்வகத்தின் பௌமன், தாம்சன் ஆகியோரோடு சேர்ந்து, தானாக உடையும் கலிபோர்னியம்-252-இன் துண்டுகள் வீசும் எக்ஸ் கதிர்களை அளந்தார். ஒவ்வொரு தனிமத்தின் எக்ஸ் கதிருக்கும் தனி ஆற்றல் உண்டு என்பது மோஸ்லி 1913-இல் காட்டிய விதி. செனான் என்றால் 29.8 கிலோ எலக்ட்ரான் வோல்ட், சீசியம் 31.0, பேரியம் 32.2. ஒரு புரோட்டான் கூடினால் கோடு ஒரு படி தள்ளி நிற்கும். கனத்த துண்டாக இருந்தாலும் தப்பாது. ஒரே சங்கடம், எல்லாத் துண்டுகளும் எக்ஸ் கதிரை ஒரே தாராளத்தோடு வீசுவதில்லை. ஆகவே எந்தத் தனிமம் என்பதை இந்தச் சாட்சி அடித்துச் சொல்லும். எத்தனை இருந்தன என்று கேட்டால் தடுமாறும்.

இரண்டு எண்களையும் ஒரே வீச்சில் பிடிக்கும் வழி காமா கதிர். பிறந்த துண்டு கொதிப்போடு இருக்கும். நியூட்ரான்களை உதிர்த்த பிறகும் மிச்சமுள்ள ஆற்றலைக் காமா கதிர்களாக விடும். அந்தக் கதிர்களின் ஆற்றல் வரிசை ஒவ்வோர் ஐசோடோப்புக்கும் தனித்தனி. மும்பை, டெல்லி, கொல்கத்தா ஆகிய ஊர்களின் முடுக்கி நிலையங்களுக்கு மாறி மாறிச் செல்லும் இந்திய தேசிய காமா அணி என்ற உணரித் தொகுப்பில் இத்தகைய ஆய்வுகள் நடக்கின்றன. ஓர் எடுத்துக்காட்டு பார்க்கலாம். யுரேனியம்-235 நியூட்ரானை ஏற்று உடைகிற நிகழ்வுகளில் 1279 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிர் பதிவானவற்றை மட்டும் தனியே எடுக்கிறோம். அது டெலூரியம்-134-இன் அடையாளம். அந்த நிகழ்வுகளில் அதே கணத்தில் வேறென்ன கதிர்கள் வந்தன என்று பார்த்தால் 212 கிலோ எலக்ட்ரான் வோல்ட் தலைநீட்டுகிறது; அது சிர்கோனியம்-100. மின்சுமைகளைக் கூட்டுங்கள்: 52-உம் 40-உம் 92. நிறைகளைக் கூட்டுங்கள்: 134-உம் 100-உம் 234. உடைந்த கருவின் நிறை 236. விடுபட்ட இரண்டும் உதிர்ந்த நியூட்ரான்கள். கணக்கு இரண்டு பக்கமும் நேராகிறது. ஹானுக்கு 1939-இல் கிடைக்காமல் போனது இந்த இரட்டைச் சரிபார்ப்புதான்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். உடையும் கருவில் புரோட்டானும் நியூட்ரானும் என்ன விகிதத்தில் இருந்தனவோ அதே விகிதத்தில்தானே துண்டுகளுக்கும் பங்கு போகும். நிறை தெரிந்தால் மின்சுமையைக் கணக்கிட்டுக்கொள்ளலாமே? நியாயமான கேள்வி, ஆரம்பக் காலத்தில் பலரும் அப்படித்தான் எண்ணினார்கள். அளந்து பார்த்தபோது பங்கு அவ்வளவு சீராக இல்லை. ஒரே நிறை எண்ணுக்குள் இரண்டு மூன்று தனிமங்கள் கலந்து வருகின்றன. அதிலும் இரட்டைப்படை எண்ணிக்கையில் புரோட்டான் கொண்ட துண்டுகள் ஒற்றைப்படைத் துண்டுகளைவிடக் கணிசமாக அதிகம். புரோட்டான்கள் ஜோடி சேர்ந்திருக்க விரும்புவதே காரணம். விகிதக் கணக்கு சராசரியைத் தரும், ஆளைக் காட்டாது. இன்னொரு மறுப்பு: ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் யுரேனியத்தையே ஒளியின் வேகத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஓடவிட்டு, ஓட்டத்திலேயே உடைத்து, இரண்டு எண்களையும் துல்லியமாகப் படிக்கிறார்களே, பழைய முறைகள் எதற்கு? உண்மைதான். அந்த வேகத்தில் துண்டுகளின் எலக்ட்ரான் போர்வை கழன்றுவிடுவதால் கனத்த துண்டின் மின்சுமையும் பளிச்சென்று தெரிகிறது. காந்தப்புலத்தில் வளையும் அளவு நிறையைத் தருகிறது. ஆனால் கவனியுங்கள், அங்கேயும் மின்சுமைக்கு ஓர் உணரி, நிறைக்கு ஒரு காந்தம் எனத் தனித்தனி அளவீடுகளே. தவிர, அங்கே உடையும் கருவுக்குக் கிடைக்கும் கொதிப்பு, உலையில் மெதுநியூட்ரான் தருவதைவிடக் கூடுதல். உலைக்கு வேண்டிய எண்களை உலையின் நியூட்ரானிலேயே அளந்து ஒப்பிட்டாக வேண்டும்.

மூன்றாவது மறுப்பு வேதியியலைப் பற்றியது. வேதியியலர் கரைத்துப் பிரிப்பதற்குள் துண்டு பீட்டா சிதைவால் அடுத்தடுத்த தனிமமாக மாறிவிடுகிறது. பிறந்தபோது இருந்த மின்சுமை அதுவல்ல. ஆகவே அந்தச் சாட்சி காலாவதியானது என்பார்கள். பிறந்த கணத்தை அறிய அது உதவாது என்பது சரி. ஆனால் நிறை எண் பீட்டா சிதைவில் மாறுவதில்லை. அதனால் சங்கிலியின் கடைசியில் நிலைத்து நிற்கும் அணுவை எண்ணினால், அந்த நிறையில் மொத்தம் எத்தனை துண்டுகள் பிறந்தன என்பது கிடைக்கும். கல்பாக்கத்தில் வேக ஈனுலையின் எரிபொருள் எவ்வளவு எரிந்தது என்பதை நியோடிமியம்-148-ஐ வைத்துக் கணக்கிடுவது இந்த அடிப்படையில்தான். அது ஆவியாகாது, இடம் பெயராது, நிலையானது. எரிந்த எரிபொருளை அமிலத்தில் கரைத்து, அதில் ஒரு துளியை உலோக இழையில் இட்டுச் சூடாக்கினால் அயனிகள் கிளம்பும். நிறை நிறமாலைமானி அவற்றை நிறைவாரியாகப் பிரித்து எண்ணும். ஆனால் கரைசலை அப்படியே இட முடியாது. அந்தக் கருவிக்கு சமாரியம்-148-உம் நியோடிமியம்-148-உம் ஒன்றே. சீரியம்-142-உம் நியோடிமியம்-142-உம் ஒன்றே. எனவே முதலில் திரவ நிறப்பிரிகை முறையில் நியோடிமியத்தைத் தனியாக்கி, மின்சுமையை நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகே நிறையை எண்ணுகிறார்கள்.

இங்கேதான் மணவாளக்குறிச்சி மணல் ஒரு வியப்பைத் தருகிறது. மோனசைட்டில் தோரியத்தோடு நியோடிமியமும் உண்டு. மணலில் உள்ள நியோடிமியத்தில் சுமார் 27 சதவீதம் நிறை 142 கொண்டது. உலையில் பிறந்த நியோடிமியத்தில் 142 ஏறத்தாழ இருக்காது. 142 நிறையுள்ள துண்டுகளின் சங்கிலி சீரியம்-142-இலேயே நின்றுவிடுவதால் நியோடிமியம் வரை எட்டுவதில்லை. ஆகவே ஆய்வகத்தில் எங்கிருந்தோ இயற்கை நியோடிமியம் ஒரு துளி கலந்துவிட்டாலும் 142-இன் கோடு காட்டிக்கொடுத்துவிடும். வேதியியலுக்கு இரண்டும் ஒரே பொருள். பூர்வீகத்தைச் சொல்வது நிறை மட்டுமே. ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டில் ஓக்லோ சுரங்கத்தில் சுமார் 200 கோடி ஆண்டுகளுக்கு முன் இயற்கையே ஓர் அணு உலையை நடத்தியது என்று 1972-இல் சொன்னபோது உலகம் நம்பியதற்குப் பெரிய காரணம், அந்தத் தாதுவின் நியோடிமியத்தில் 142 வெகுவாகக் குறைந்திருந்ததுதான்.

கடைசியாக, இவையெல்லாம் ஏட்டுக்கணக்கு, உலை ஓடினால் போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில். யுரேனியம்-235 உடையும்போது நிறை 148 சங்கிலியின் பங்கு சுமார் 1.67 சதவீதம், யுரேனியம்-233-இல் சுமார் 1.3 சதவீதம். முன்னதன் எண்ணை எடுத்துத் தோரிய எரிபொருளுக்குப் போட்டால், எரிந்தது உண்மையைவிடக் கிட்டத்தட்டக் கால் பங்கு குறைவாகத் தெரியும். அதைவிட முக்கியமானது கட்டுப்பாடு. புரோமின்-87 போன்ற சில துண்டுகள் ஒரு நிமிடம் வரை தாமதித்து நியூட்ரானை விடுகின்றன. இந்தத் தாமத நியூட்ரான்களை நம்பித்தான் உலையின் ஓட்டத்தை மனிதரால் அடக்கியாள முடிகிறது. யுரேனியம்-235-இல் அவற்றின் பங்கு சுமார் 0.65 சதவீதம், யுரேனியம்-233-இல் சுமார் 0.27 மட்டுமே. தோரிய உலையின் கடிவாளம் குட்டை. உலை நின்ற பிறகும் துண்டுகளின் சிதைவு வெப்பம் தொடர்வதால்தான் 2011-இல் ஃபுகுஷிமாவில் நிறுத்தப்பட்ட உலைகள் உருகின. எந்தத் துண்டு எவ்வளவு என்று தெரியாமல் இவற்றில் எதையும் கணிக்க இயலாது. கணினி மாதிரிகள் இருக்கின்றனவே என்றால், அந்த மாதிரிகளும் அளவீடுகளைக் கொண்டு சரிசெய்யப்பட்டவையே. யுரேனியம்-235-க்கு உலகம் எண்பது ஆண்டுகளாக அளந்து குவித்திருக்கிறது. யுரேனியம்-233-இல் அந்த அக்கறை பெருமளவு நம்முடையதாகவே இருக்க வேண்டும், ஏனென்றால் மணல் நம்முடையது.

எனவே மோனசைட்டைப் பற்றி அடுத்த முறை விவாதம் வரும்போது, அதை ஆதரிப்பவரானாலும் எதிர்ப்பவரானாலும், டன் கணக்கோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். அதிலிருந்து வரும் எரிபொருளின் துண்டுகள் என்னென்ன, அவற்றின் மின்சுமையை யார் அளந்தார், நிறையை யார் அளந்தார், இரண்டும் ஒத்துப்போயினவா என்று கேளுங்கள். டெல்லியின் பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையம் கல்லூரி, பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்காகவே நடத்தப்படுகிறது. மார்த்தாண்டத்திலும் நெய்யாற்றின்கரையிலும் இயற்பியலும் வேதியியலும் படிக்கும் பிள்ளைகளுக்கு அந்தக் கதவு திறந்தே இருக்கிறது. மணல் கிடக்கும் ஊர்க்காரர்கள் அந்த அளவீட்டில் கை வைப்பதுதான் முறை.